பாட்டு உச்சத்துல குரல் எட்டலையா? கிட்டாரில் 'கட்டை' மாற்றுவது எப்படி? எளிய விளக்கம்

பல்லவி வரை சுகமா போகுது. சரணத்தில் உச்சம் வந்ததும் குரல் பிசிறுது, கழுத்து நரம்பு புடைக்குது. உடனே 'எனக்குப் பாட்டு வராது' என்று மைக்கைக் கீழே வைத்துவிடுகிறார்கள் பலர். உண்மையில் பல நேரம் பிரச்னை குரலில் இல்லை, பாட்டின் சுருதியில்தான்.

கும்மிடிப்பூண்டி அருகே உள்ள எளாவூர் முதல் பழவேற்காடு ஏரிக்கரை மீனவ கிராமங்கள் வரை, ஊர்த் திருவிழா, கல்யாணம், கிறிஸ்துமஸ் கேரல் என எதுவாக இருந்தாலும், கையில் ஒரே ஒரு கிட்டார் இருந்தால் போதும், இதைச் சரிசெய்துவிடலாம்.

கட்டை என்றால் என்ன?

'ச' எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுதான் அந்தப் பாட்டின் கட்டை. ஆர்மோனியக் கணக்கில் 1 கட்டை என்பது கிட்டார்காரர்களின் சி. 2 என்றால் டி, 3 என்றால் இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. நடுவில் வரும் கருப்புக் கட்டைகள்தான் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மொத்தம் 12. மூன்றரை, ஏழரை கிடையாது.

கர்நாடக இசையில் ஆண்கள் பொதுவாக 1 கட்டையை ஒட்டியும், பெண்கள் 5 முதல் 6 கட்டை வரையும் பாடுவார்கள். ராகம் அதேதான், 'ச' மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை காலத்தில், கீச்சென்று ஒலித்த குட்டையான திமிரி நாகஸ்வரத்தின் இடத்துக்கு, சுருதி இறங்கிய நீளமான பாரி நாகஸ்வரம் வந்தது. சுருதியை இறக்கினால் இசை குறைந்துவிடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

உங்கள் கட்டையைக் கண்டுபிடிப்பது எப்படி?

1. பாட்டின் முதல் வரியை வைத்து முடிவு செய்யாதீர்கள். எங்கே உச்சத்துக்குப் போகிறது என்று பாருங்கள்.

2. அந்த உச்ச ஸ்வரத்தைக் கிட்டாரில் தேடுங்கள். உதாரணத்துக்கு, அது முதல் கம்பியில் 4வது ஃப்ரெட்டில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

3. அதே கம்பியில் கத்தாமல், தாடை இறுகாமல் எது வரை பாட முடிகிறது என்று பாருங்கள். 2வது ஃப்ரெட் வரைதான் என்றால், பாட்டை 2 ஃப்ரெட் இறக்க வேண்டும்.

4. இறக்கிய பிறகு பாட்டின் அடிமட்ட ஸ்வரமும் கேட்கிற மாதிரி வருகிறதா என்று சரிபாருங்கள். அங்கே குரல் காற்றாகிப் போனால் ஒரு ஃப்ரெட் ஏற்றிப் பாருங்கள்.

கார்டுகளை மாற்றுவது எப்படி?

கிட்டாரில் ஒவ்வொரு ஃப்ரெட்டும் அரை ஸ்வரம். எத்தனை ஃப்ரெட் இறக்குகிறோமோ, எல்லா கார்டும் அத்தனை படி இறங்க வேண்டும். ஒன்றை விட்டாலும் பாட்டு கெட்டுவிடும்.

ஏ கட்டையில் உள்ள பாட்டில் ஏ, எஃப் ஷார்ப் மைனர், டி, இ என்று நான்கு கார்டுகள் வருகின்றன என்றால், 2 படி இறக்கும்போது அவை ஜி, இ மைனர், சி, டி ஆகிவிடும். மைனர் மைனராகவே இருக்கும், மேஜர் மேஜராகவே இருக்கும். இன்னொரு லாபமும் உண்டு: முதலில் எஃப் ஷார்ப் மைனருக்கு ஒரே விரலால் ஆறு கம்பியையும் அழுத்த வேண்டும். இப்போது நான்குமே புதிதாகக் கற்றவர்களும் வாசிக்கும் கார்டுகள்.

கேபோ எதற்கு?

கழுத்தில் மாட்டும் கிளிப்தான் கேபோ. அது சுருதியை ஏற்றும், இறக்காது. ஜி கார்டு பிடித்து 2வது ஃப்ரெட்டில் கேபோ போட்டால் ஒலிப்பது ஏ.

ஆனாலும் இறக்குவதற்கும் இதைப் பயன்படுத்த ஒரு வழி இருக்கு. சி கட்டைப் பாட்டை ஒரு படி இறக்கி பி ஆக்கணுமா? பி-யில் நேரடியாக வாசிப்பது கஷ்டம். 4வது ஃப்ரெட்டில் கேபோ போட்டு ஜி கட்டை கார்டுகளை வாசியுங்கள். ஜி-யிலிருந்து நாலு படி ஏறினால் பி. வேலை முடிந்தது.

கேபோ இல்லையா? ஆறு கம்பிகளையும் அரை ஸ்வரம் தளர்த்தி டியூன் செய்யலாம். ஆனால் ஏற்றுவதற்காகக் கம்பியை இஷ்டத்துக்கு முறுக்க வேண்டாம், அறுந்துவிடும்.

கவனிக்க வேண்டியவை

* கூட வாசிப்பவர்களுக்கு முன்பே சொல்லுங்கள். மிருதங்கம், தபேலா சுருதி சேர்க்க வேண்டும். புல்லாங்குழல்காரர் வேறு குழல் எடுக்க வேண்டியிருக்கும்.

* ஆண் பாடிய பாட்டைப் பெண் பாடினாலோ, பெண் பாடியதை ஆண் பாடினாலோ ஒன்றிரண்டு ஃப்ரெட் பெரும்பாலும் போதாது. நாலைந்து ஃப்ரெட் வரை மாற்றிப் பாருங்கள்.

* 12, 13 வயதில் குரல் உடையும் பையன்களுக்குப் போன வருடக் கட்டை இந்த வருடம் பொருந்தாது. திட்டாமல் கட்டையை இறக்குங்கள்.

* குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

ஒரிஜினல் பாட்டின் கட்டை, அதைப் பாடியவரின் குரலுக்காகப் போடப்பட்டது. உங்கள் குரலுக்கு ஏற்ற மாதிரி அதை மாற்றுவது குறுக்கு வழி இல்லை, அதுதான் முறை.