ஈவென்ட்லாக் அனலைசர்

ஈவென்ட்லாக் அனலைசர் என்பது கணினிகளும் வழங்கிகளும் வலையமைப்புக் கருவிகளும் எழுதும் பதிவுக்கோப்புகளை ஓரிடத்தில் திரட்டி ஆராயும் மென்பொருள் ஆகும். அப்பாச்சி, ஐ.ஐ.எஸ். ஆகிய வலை வழங்கிகளின் பதிவுகளையும் இது படிப்பதால், ஓர் இணையத்தளத்தின் போக்குவரத்தை அறியவும் பயன்படுகிறது. இதனை ஜோஹோ நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் பிரிவு வெளியிடுகிறது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயருடன் இயங்கத் தொடங்கிய இந்நிறுவனம், 2009இல் ஜோஹோ எனப் பெயர் மாற்றம் பெற்றது. செங்கல்பட்டு மாவட்டத்தில் கூடுவாஞ்சேரியை அடுத்து, ஜி.எஸ்.டி. சாலையில் இதன் வளாகம் அமைந்துள்ளது. அதே சாலையில் மேலும் தெற்கே மறைமலை நகரும் சிங்கப்பெருமாள் கோயிலும் உள்ளன.

செயல்படும் முறை

இணையத்தளத்தின் ஒரு பக்கம் கேட்கப்படும்போது, வலை வழங்கி தன் பதிவுக்கோப்பில் ஒரு வரி எழுதுகிறது. கேட்டவரின் ஐ.பி. முகவரி, நேரம், கேட்கப்பட்ட பக்கம், விடைக் குறியீடு, உலாவியின் பெயர் முதலியன அவ்வரியில் இடம்பெறலாம். 200 என்ற குறியீடு பக்கம் அளிக்கப்பட்டதையும், 404 அப்பக்கம் இல்லை என்பதையும், 500 வழங்கியில் பிழை நேர்ந்ததையும் குறிக்கும். ஒரே முகவரியிலிருந்து 404 குறியீடு தொடர்ந்து பதிவானால், யாரோ தளத்தின் ஓட்டைகளைத் தேடுகின்றனர் என ஐயுறலாம்.

நேரத்தை ஒப்பிடுகையில் கவனம் தேவை. அப்பாச்சி பொதுவாக வழங்கியின் உள்ளூர் நேரத்தையும், ஐ.ஐ.எஸ். தன் வழக்கமான பதிவு வடிவில் உலகப் பொது நேரத்தையும் எழுதுகின்றன. எனவே இந்திய நேரப்படி காலை 10:00 மணிக்கு நிகழ்ந்தது ஐ.ஐ.எஸ். பதிவில் 04:30 எனக் காணப்படும்.

இற்றைப்படுத்தல்

இம்மென்பொருளின் ஒவ்வொரு வெளியீடும் ஒரு கட்டமைப்பு எண்ணைக் கொண்டுள்ளது. பெரிய பதிப்புகளுக்கு இடையில் சிறு இற்றைகளும் வெளிவருகின்றன. இற்றைப்படுத்துவதற்கு முன் மென்பொருளின் இயக்கத்தை நிறுத்தித் தரவுத்தளத்திற்குக் காப்புநகல் எடுக்க வேண்டும். பின்னர் பி.பி.எம். வகைக் கோப்பை அப்டேட் மேனேஜர் என்னும் கருவி வழியாக நிறுவ வேண்டும்.

பாதுகாப்புக் குறை

சிறு இற்றைகளையும் புறக்கணிக்கலாகாது என்பதற்கு 2014இல் வெளியான ஒரு குறை சான்றாகும். கட்டமைப்பு 9002, 8020 ஆகியவற்றில், முகவர் நிரல்கள் கோப்புகளைப் பதிவேற்றும் பகுதி, சுருக்கக் கோப்பினுள் இருந்த பெயர்களைச் சரிபார்க்கவில்லை. அதனால் வெளியாள் ஒருவர், உரிய கோப்புறைக்கு வெளியே தம் நிரலை வைத்து இயக்க முடிந்தது. இக்குறைக்கு சி.வி.இ.-2014-6037 என்ற எண் வழங்கப்பட்டது.

பதிவு ஆய்வு மென்பொருள் ஒரு நிறுவனத்தின் பல வழங்கிகளின் பதிவுகளையும் தன்னிடம் கொண்டுள்ளது. எனவே அதனுள் நுழைபவர் பிற வழங்கிகளைப் பற்றிய செய்திகளை அறியவும், தம் நுழைவின் தடயங்களை அழிக்கவும் இயலும். காவல் காக்கும் மென்பொருளுக்கே காவல் தேவைப்படுவது இதனாலேயே ஆகும்.