‘பஸ்’ஸுக்கு என்ன எழுத்து? தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலச் சொற்களில் தடுமாறுவது ஏன்?

முதலாம் ஆண்டுப் பிள்ளையின் ஆங்கிலப் புத்தகத்தில் பஸ் என்ற சொல் பி, ஏ, எஸ் என்று எழுதப்பட்டு, சிவப்பு மையில் திருத்தப்பட்டிருக்கும். “இதுகூட தெரியலையா?” என்று கேட்பதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். மலாய் மொழியில் அந்த எழுத்துக்கூட்டல் சரி.

குழப்பம் எங்கிருந்து வருகிறது?

தமிழ்ப்பள்ளி மாணவர்கள் முதலாம் ஆண்டிலேயே மூன்று மொழிகள் படிக்கிறார்கள். தமிழுக்குத் தனி எழுத்து. மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் அதே 26 எழுத்துகள். 1972-இல் சீரமைக்கப்பட்ட ரூமி முறையில் மலாய்ச் சொற்கள் பெரும்பாலும் ஒலிப்பது போலவே எழுதப்படுகின்றன. ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்களும் அப்படித்தான். மலாயில் ‘கேக்’ எழுத இரண்டு ‘கே’, நடுவில் ஓர் ‘இ’ போதும். ஆங்கிலத்தில் அது ‘சி’யில் தொடங்கி, ஒலிக்காத ‘இ’யில் முடிகிறது. ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு எது நியாயமாகத் தோன்றும்?

எழுத்து ஒன்றாக இருந்து பொருள் மாறும் சொற்கள் இன்னும் சிரமம். ஏ, ஐ, ஆர் என்பது மலாயில் தண்ணீர், ஆங்கிலத்தில் காற்று. பி, இ, ஜி மலாயில் புத்தகப்பை. ஆங்கிலத்தில் பிச்சை எடுப்பது. எஃப், ஏ, ஐ, எல் மலாயில் ஃபைல். ஆங்கிலத்தில் தேர்வில் தோற்பது!

பேச்சிலும் இது உண்டு. மலாயில் ‘புக்கா லம்பு’ என்பதால் பிள்ளை “ஓப்பன் த லைட்” என்கிறது. பெரியவங்களே அப்படித்தானே பேசுறோம். பள்ளியில் எதிர்பார்ப்பது “டர்ன் ஆன் த லைட்”.

வீட்டில் என்ன செய்யலாம்?

பத்துச் சொற்களை மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட, இந்த இரட்டைச் சொற்களை ஒரே பக்கத்தில் இரண்டு நிறத்தில் எழுத வைக்கலாம். மலாய்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் அடுத்தடுத்து வாய்விட்டுச் சொல்லட்டும். தனிச் சொல்லாக இல்லாமல் “என் பை கனமா இருக்கு” போன்ற சின்ன வாக்கியமாக ஆங்கிலத்தில் பழகினால் பொருளும் சேர்ந்தே பதியும். பேசும்போது மட்டும் பாதியில் நிறுத்தித் திருத்த வேண்டாம்; பிள்ளை முடித்ததும் சரியான வாக்கியத்தை நீங்கள் ஒருமுறை சொன்னாலே போதும்.

ஆறாம் ஆண்டு முடிவில் மாணவர்கள் எட்ட வேண்டியது, சிஇஎஃப்ஆர் அளவுகோலில் ஏ2 நிலை. பழக்கமான அன்றாட விஷயங்களை எளிய ஆங்கிலத்தில் புரிந்து பேசும் நிலை அது. கடினமான சொற்களை அடுக்குவது அதற்குத் தேவையில்லை.

ஆனால் தமிழ், மலாய் எழுத்துகளும் தொடர்ந்து இடம் மாறினால் அதை மொழிக் கலப்பு என்று விட்டுவிடக் கூடாது. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் சிரமம் இருக்கலாமா என்று வகுப்பாசிரியரிடம் சீக்கிரமே கேட்பது நல்லது.