கத்தியின் விதியும் கடலின் விலக்கும்

அயலவர் எதனை உண்ணார் என்பதை அறிந்தால் மட்டும் போதாது. ஏன் உண்ணார் என்பதையும் அறிதல் வேண்டும்.

இஸ்லாமிய நெறியில், தானாக இறந்த ஆடோ மாடோ கோழியோ உணவாகாது. இறைவன் பெயரைச் சொல்லி, கூரிய கத்தியால் மூச்சுக்குழலும் உணவுக்குழலும் அறுபட அறுத்துக் குருதியை வடியவிடுதல் வேண்டும். பிராணியின் கண்முன்னே கத்தி தீட்டுதலும் ஆகாது. உயிரைத் தந்தவனை நினையாது உயிரை எடுத்தல் தகாது என்பதே இவ்விதியின் உட்பொருள்.

கடலுக்கோ இவ்விதி இல்லை. திருக்குர்ஆனின் 5ஆம் அத்தியாயம் கடல்வேட்டையை அனுமதிக்கின்றது, மீனை அறுக்கவேண்டுவதில்லை. ஹனபி வழியினர் மீனல்லாத கடலுயிர்களை விலக்குவர். இலங்கைச் சோனகர் பெரும்பாலும் தழுவும் ஷாபி வழியிலோ இறாலும் கணவாயும் ஆகும். ஆதலின், மீனும் இறாலும் இட்ட நமது ஒடியற்கூழை யாழ்ப்பாணச் சோனகத் தெருவாரும் மீனுண்ணும் அயலாரும் ஒருங்கிருந்து உண்ணத் தடையில்லை.

அத்தெருவை விடுதலைப் புலிகள் 1990 ஒக்டோபர் 30ஆம் நாள் வெறுமையாக்கினர். இரண்டு மணி நேரத்துள் சோனகர் ஊரைவிட்டு நீங்க நேர்ந்தது. பின்னாளில் ஒரு பகுதியினரே மீண்டனர். மீண்டவரை விருந்துக்கு அழைப்போர் அவர்தம் விதியை அறிந்து அழைத்தலே முறையாகும்.