உண்டியலும் விடுதிச் சமையற்கட்டும்

1938 டிசம்பரில் கூடவிருந்த உலக மிஷனரி மாநாட்டுக்கு முதலில் குறித்த இடம் சீனத்தின் ஹாங்சோ. 1937இல் ஜப்பானியப் படைகள் சீனத்துக்குள் புகுந்ததும் அந்த ஏற்பாடு கலைந்தது. கடைசியில் மாநாடு வந்து சேர்ந்த ஊர் தாம்பரம். ஜார்ஜ் டவுனிலிருந்து சேலையூர்க் காட்டோரம் குடிபெயர்ந்து இரண்டு ஆண்டுகூட நிறையாத சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் ஏறத்தாழ 470 பிரதிநிதிகள் கூடினார்கள். தங்கிப் படிக்கும் கல்லூரி என்பதால் அறைகளும் சாப்பாட்டுக் கூடங்களும் அங்கே இருந்தன. 1931 முதல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலும் ஓடியது. மாணவர் தொண்டின் வரலாற்றை ஒரு மத மாநாட்டிலிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. திட்டம் தலைகீழாகும்போது கைகொடுப்பது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஏற்பாடுதான். தாம்பரத்திலிருந்து வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று நீளும் இந்தப் பகுதியில் அதற்குச் சான்றுகள் திரும்பத் திரும்பக் கிடைக்கின்றன. ஆனால் மாணவர் நிவாரணத்தை நாம் வழக்கமாக அளப்பது வசூலான தொகையைக் கொண்டு. காசோலை கொடுக்கும் புகைப்படத்தோடு கதை முடிந்துவிடுகிறது. அந்த அளவுகோல் தவறு என்பதே என் வாதம்.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. பணத்தை நம்பி அது ஒருநாளும் நடக்கவில்லை. 2010களில் ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 250 ரூபாயும், ஏழு நாள் சிறப்பு முகாமுக்கு 450 ரூபாயும்தான் ஒதுக்கீடு. ஒரு வாரச் சாப்பாட்டுக்கே அது போதாது. ஆனாலும் முகாம் நடக்கும் ஊரில் எந்தத் தெரு தாழ்வானது, ஏரிக்கரை எங்கே பலவீனமாக இருக்கிறது, பஞ்சாயத்தில் யாரிடம் பேசினால் வேலை நடக்கும் என்பதெல்லாம் மாணவர்களுக்குத் தெரிய வழியுண்டு. 1984இல் வண்டலூரில் கிரசென்ட் பொறியியல் கல்லூரியும், 1985இல் காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம். கல்லூரியும் வந்தபோது ஜி.எஸ்.டி. சாலையை விட்டு இறங்கினால் வயலும் ஏரியும்தான். அடுக்குமாடிகள் நெருக்கிக்கொண்டு நிற்கும் இன்றும் ஊரப்பாக்கம் கிராம ஊராட்சியாகவே இருக்கிறது. சான்றிதழுக்காகத்தானே பிள்ளைகள் நலப்பணித் திட்டத்தில் சேருகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. பலர் அதற்காகத்தான் சேருகிறார்கள். அதில் குற்றம் காண எனக்கு மனமில்லை. சான்றிதழுக்காக நடந்து பார்த்த தெருவும் பழகிய தெருதான்.

2015இல் இதெல்லாம் சோதனைக்கு வந்தது. நவம்பர் 9ஆம் தேதிப் பெருமழையில் கடலூர் மாவட்டம் நிலைகுலைந்தது. கடலூருக்கென்று சென்னையில் அரிசியும் துணியும் பணமும் திரண்டுகொண்டிருந்தபோதே, மாத நடுவில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் கொட்டிய மழை 49 சென்டிமீட்டர். ஆதனூர்ப் பக்கம் பிறக்கும் அடையாறு இந்தச் சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீரையெல்லாம் இழுத்துக்கொண்டு வீடுகளுக்குள் புகுந்தது. வெளியூருக்கு உதவத் திரட்டியவர்களின் சொந்த ஊரே தண்ணீரில் நின்றது. மின்சாரம் இல்லை, செல்பேசியில் சிக்னல் இல்லை, ஏ.டி.எம்.கள் இருண்டு கிடந்தன. கையில் பணம் இருந்தாலும் வாங்குவதற்குக் கடை திறந்திருக்கவில்லை. அப்போது வேண்டியிருந்தது பெரிய அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை, கல்லூரிப் பேருந்து, பொட்டலம் கட்டப் பத்துக் கைகள். தேவையும் நாளுக்கு நாள் மாறியது. முதல் இரண்டு நாள் தண்ணீரும் பாலும் சோறும். சாம்பார் சாதம் மாலைக்குள் ஊசிப்போகும் என்பதால் புளியோதரைதான் தோது. தண்ணீர் வடிந்ததும் ரொட்டியும் பிஸ்கட்டும் தேங்கிப்போய், ஒரு பக்கெட்டுக்குள் துடைப்பம், பினாயில், பிளீச்சிங் பவுடர், கொசுவர்த்தி, நாப்கின் என்று வைத்துக் கொடுப்பதே பெரிய உதவியானது. அதற்கும் பிறகு நோட்டுப் புத்தகங்கள், நனைந்துபோன சான்றிதழ்களுக்கு மாற்று வாங்க எழுதும் விண்ணப்பங்கள். சென்னையில் மிஞ்சிய பொருள்கள், மறுபடியும் வெள்ளத்தில் சிக்கிய கடலூருக்கே லாரியேறின. மேலிருந்து யாரும் எழுதித் தந்த பட்டியல்படி இது நடக்கவில்லை. தெருவுக்குள் போய்த் திரும்பியவர்கள் வாய்வழியே சொல்ல, கிடங்கில் இருந்தவர்கள் அன்றன்றைக்கு மாற்றிக்கொண்டார்கள்.

இப்படிப் பொருளாக உதவுவதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்தில் பழைய துணிகள் சாலையோரம் குவியல் குவியலாகக் கிடந்தன. எல்லாம் நல்லெண்ணத்தோடு அனுப்பியவைதான். வாங்கியவர்களுக்கு அவை அவமானமாகவே பட்டன. ஆகவே பொருளை விடுங்கள், பணத்தை அனுப்புங்கள் என்று நிவாரண அனுபவசாலிகள் சொல்கிறார்கள். பொதுவாக அது சரியான அறிவுரை. ஆனால் நாகையின் கோளாறு பொருளில் இல்லை, தூரத்தில் இருந்தது. கட்டிய மூட்டையை யார் பிரிப்பார்கள் என்று தெரியாமலே அனுப்பியதால் வந்த வினை அது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தருகே கரையேறியபோது, கூரை இழந்தவர்கள் கேட்டது தார்ப்பாய். இருளில் கிடந்தவர்கள் கேட்டது மெழுகுவத்தி. அதைக் கேட்டு வாங்கியனுப்பியவர்களின் உதவி வீணாகவில்லை. பணத்துக்கும் கெட்ட நேரம் வரும்: 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போயின, டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வண்டலூர்ப் பூங்காவின் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. மக்கள் பணத்துக்கு வங்கி வாசலில் வரிசையில் நின்ற அந்த மாதத்தில், மரம் வெட்டிப் பாதை திறக்க ஆள்பலம்தான் இருந்தது.

அரசு செய்ய வேண்டியதை மாணவர் தலையில் கட்டுவதாகாதா என்ற கேள்வியை என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஏரியின் வரத்துக்கால்வாயைக் காப்பதும், வெள்ளம் வரும் தாழ்நிலத்தில் மனை அங்கீகாரம் தராமலிருப்பதும் அரசின் கடமை. புளியோதரைப் பொட்டலம் அதற்கு ஈடாகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூரும் வரதராஜபுரமும் மீண்டும் மிதந்தன என்பதே அதற்குச் சாட்சி. ஆனாலும் அந்த முதல் இரண்டு நாளில் பக்கத்தில் இருப்பவர்கள் தேவைப்படுகிறார்கள். அப்படி யாரும் பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2020 காட்டியது. மார்ச் 24 இரவு கொரோனா ஊரடங்கு வந்தது. கல்லூரிகள் அதற்கு முன்பே மூடப்பட்டுவிட்டன. நிதி திரட்டச் செல்பேசி இருந்தது, செயலிகள் இருந்தன, மனமும் இருந்தது. விடுதியும் அடுப்பும் பேருந்தும் பூட்டிக் கிடந்தன. அதனால்தான் கேட்கிறேன்: இந்தச் சாலையோரக் கல்லூரிகள் ஒவ்வொன்றும் அக்டோபர் பிறக்கும்போதே, சமையற்கூடச் சாவியும் பேருந்துச் சாவியும் விடுமுறை நாளில் யாரிடம் இருக்கும், அருகிலுள்ள ஊராட்சியில் யாரை அழைக்க வேண்டும் என்பதை எழுதி, அந்தத் தாளை விடுதி வாயிலில் ஒட்டி வைக்கட்டும்.