ஐந்து பட்டையும் ஐந்து சிமிட்டலும்

பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலோ சித்தேரி மலையிலோ பேட்டரி சக்கர நாற்காலி திடீரென்று நின்றுவிட்டால், மெக்கானிக்கிடம் முதலில் போனில்தான் பேச வேண்டியிருக்கும். அவரும் முதலில் கேட்பது, “விளக்கு என்ன காட்டுது?” என்பதுதான். அதற்கான பதில், நாற்காலியின் கட்டுப்பாட்டுக் கருவியான கன்ட்ரோலருக்குக் கன்ட்ரோலர் மாறும். பல நாடுகளில் புழங்கும் இரண்டை இங்கே ஒப்பிடுவோம். ஒன்று பி.ஜி. டிரைவ்ஸ் டெக்னாலஜியின் வி.ஆர்.2, மற்றது டைனமிக் கன்ட்ரோல்ஸின் ஷார்க். இரு நிறுவனங்களும் உள்ள ஊர்களின் பெயர் கிரைஸ்ட்சர்ச். முன்னது இங்கிலாந்தில், பின்னது நியூசிலாந்தில்.

சாதாரண நேரத்தில் இரண்டும் பேட்டரி அளவையே காட்டும். வி.ஆர்.2-இல் 10 விளக்குப் பட்டைகள்: சிவப்பு 3, மஞ்சள் 4, பச்சை 3. ஷார்க்கிலும் இதே நிறங்கள்தான். வத்தல்மலை போன்ற இடங்களின் ஏற்றத் தெருக்களில் மோட்டார் அதிக மின்சாரம் இழுப்பதால் வோல்டேஜ் இறங்கும், விளக்குகளும் குறையும். சமதரைக்கு வந்ததும் ஏறிவிடும். ஆகவே எந்த வகையானாலும் மேட்டில் பார்த்த அளவை நம்பக் கூடாது.

பழுது வந்தால்தான் இரண்டும் பிரிகின்றன. வி.ஆர்.2-இல் எத்தனை பட்டைகள் மின்னுகின்றன என்று எண்ண வேண்டும். ஷார்க்கில் விளக்கு எத்தனை முறை சிமிட்டி நிற்கிறது என்று எண்ண வேண்டும். முன்னதற்கு, பட்டைகள் எரியும் கணத்தில் எடுத்த ஒரு போட்டோ போதும். பின்னதற்கு வீடியோதான் வேண்டும்.

எண்களின் பொருளும் வேறு. வி.ஆர்.2-இல் 2 என்றால் இடது மோட்டாரின் இணைப்புக் கோளாறு. ஷார்க்கில் 2 என்றால் பேட்டரிக் கோளாறு. வி.ஆர்.2-இல் 5 பட்டைகள் வலது மோட்டாரின் ஷார்ட். ஷார்க்கில் 5 சிமிட்டல்கள் இடது பிரேக். வி.ஆர்.2-இல் 9 பிரேக் இணைப்பு. ஷார்க்கில் 9 தகவல் தொடர்புக் கோளாறு. கன்ட்ரோலரின் பெயரைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால், பிரேக்கில் உள்ள கோளாறை மோட்டாரில் தேட நேரும்.

இரண்டுக்கும் தனித்தனி நிறை உண்டு. வி.ஆர்.2 ஒவ்வொரு மோட்டாருக்கும் இரண்டு எண்கள் வைத்து, இணைப்புக் கோளாறையும் ஷார்ட்டையும் பிரித்துச் சொல்கிறது. தளர்ந்த பிளக்கைப் பாலக்கோட்டு ஆட்டோ எலெக்ட்ரீஷியனே சரிசெய்யலாம். ஷார்ட் என்றால் அனுபவமுள்ளவரிடம்தான் போக வேண்டும். சார்ஜர் வயரைக் கழற்ற மறந்தாலும் 6 பட்டைகள் மின்னும். ஷார்க் ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரே எண்தான் தருகிறது. ஆனால் பிரேக்கை இடது 5, வலது 6 என்று பிரித்துக் காட்டுகிறது. அதன் 1 சிமிட்டலுக்குப் பெரும்பாலும் ஜாய்ஸ்டிக்கை நடுநிலைக்கு விட்டு மறுபடி முயன்றாலே போதும்.

தனியாக இருப்பவருக்கு, ஒரே பார்வையில் எண்ண முடிகிற வி.ஆர்.2 எளிது என்பதே என் முடிவு. ஷார்க் வைத்திருப்பவர், சிமிட்டல் நின்று தொடங்கும் இடத்தைக் கவனித்து இருமுறை எண்ண வேண்டும்.

கன்ட்ரோலரின் பெயரை இன்றே ஒரு சீட்டில் எழுதி, கைப்பிடியின் அடியில் ஒட்டிவையுங்கள். அரசு கொடுத்த நாற்காலியானால், கலெக்டர் அலுவலக வளாகத்திலுள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு மனு கொடுக்கும்போது அந்தப் பெயரையும் பழுது எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள்.