வில்லைக்கு முன் நிற்கும் கண்ணாடி

கைத்தொலைபேசி விழுந்து கமரா உடைந்ததென்றால், உடைந்தது பெரும்பாலும் வில்லை அல்ல. வில்லைகள் உள்ளே அடுக்காக இருக்கும் சிறு பிளாஸ்டிக் துண்டுகள். அவற்றை மூடிப் பசையால் ஒட்டிய மெல்லிய கண்ணாடியே அடியை வாங்குகிறது. வில்லைக்காக வேறொரு கண்ணாடியை முன்னே நிறுத்தும் இந்த வழக்கம் தொலைபேசிக் கமராவை விட நூறு ஆண்டுக்கு மேல் மூத்தது. திருகோணமலைக் கடலுக்கும் அதில் பங்கு உண்டு.

1893 இல் பிரான்சின் பன்யுல்ஸ் கரையில் உயிரியலாளர் லூயி பூத்தான் நீர் புகாத பெட்டிக்குள் கமராவை வைத்து, பெட்டியின் கண்ணாடி வழியே கடலடியைப் படம் பிடித்தார். 1950களில் முக்குளிப்பாளர் ஹான்ஸ் ஹாஸ் வடிவமைத்த ரோலைமரின் என்ற நீர் புகாத கமராப் பெட்டி கடைகளுக்கு வந்தது. 1956 இல் முக்குளிப்பாளர் மைக் வில்சன் திருகோணமலையின் சுவாமி மலைக்குக் கீழே நீரில் மூழ்கி, 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் செதுக்குக் கற்களைக் கண்டார். அவரும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அந்தக் கடலடியைப் படங்களாகப் பதிவு செய்தார்கள். கரைக்கு வந்த பெட்டியை உடனே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். காய்ந்த உப்பையும் மணலையும் துணியால் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். இன்று தொலைபேசியைச் சட்டை நுனியால் துடைப்பவருக்கும் அதே விதிதான்.

தொலைபேசிக் கமராவுக்குத் தொடக்க காலத்தில் கிடைத்த ஒரு காவல் மூடி. சோனி எரிக்சன் கே750 (2005), நோக்கியா என்73 (2006) ஆகியவற்றில் வில்லைக்கு மேல் தள்ளித் திறக்கும் மூடி இருந்தது. அது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. ஆனால் தொலைபேசியை மெலிதாக்கும் போட்டியில் மூடிக்கு இடமில்லாமல் போயிற்று. வில்லை எந்நேரமும் வெளியே தெரியத் தொடங்கியது; கண்ணாடியே தன்னைக் காத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அதற்கு இரு வழிகள் கண்டார்கள். ஒன்று, கண்ணாடியை உருகிய பொட்டாசியம் உப்பில் ஊறவைப்பது. கண்ணாடியிலுள்ள சோடியம் அயன்களின் இடத்தைப் பருத்த பொட்டாசியம் அயன்கள் பிடிப்பதால் மேற்பரப்பு இறுகுகிறது, உடைவது குறைகிறது. மற்றது நீலக்கல்லின் இனமான குருந்தம். 2012 இல் ஐபோன் 5 இன் கமராவுக்கு அதுவே மூடுகண்ணாடியாயிற்று. இரத்தினபுரியில் தோண்டும் கல்லோடு வேதியியலில் இது ஒன்றே. ஆனால் நிறமற்றது, ஆலையில் வளர்த்தது. குருந்தத்தைச் செயற்கையாக ஆக்கும் முறையை பிரெஞ்சு வேதியியலாளர் ஒகுஸ்த் வெர்னெய் 1902 இலேயே வெளியிட்டிருந்தார். மோஸ் அளவில் குருந்தத்தின் கடினம் 9, சாதாரணக் கண்ணாடியினது ஏறத்தாழ 5.5.

கடினம் கீறலைத் தடுக்கும். விழுந்தால் உடையாது என்பதற்கு அது உறுதியல்ல. குருந்தமும் கூர்மையான கல்மேல் மோதினால் வெடிக்கும். ஒளியையும் அது கூடுதலாகத் திருப்பி அனுப்பும்: பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒரு முகத்தில் 4 சதவீதம் திரும்பினால், குருந்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல். அதனால் மேலே பூச்சு தேவைப்படுகிறது. 2014 இன் ஐபோன் 6 முதல் கமராவே முதுகிலிருந்து துருத்திக்கொண்டு நின்றதால், மேசையில் வைத்தாலும் உராயும் நிலை வந்தது.

கந்தளாய் போன்ற குளத்துப் பாசன ஊரில் இந்த உராய்வுக்குக் காரணம் நிறைய. அரிவு வெட்டி நெல் தூற்றும் நாட்களில் பறக்கும் உமித்தூளில் சிலிக்கா உண்டு. உமியை எரித்தால் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும், அதில் பெரும்பகுதி சிலிக்காவே. திருகோணமலை மாவட்டத்தின் வடகோடியில், புல்மோட்டைக் கடற்கரையில் எடுக்கும் கனிய மணலில் சிர்க்கோன் இருக்கிறது. அதன் கடினம் 7.5. மணலிலுள்ள குவார்ட்ஸ் 7. மூன்றில் மென்மையான உமிச் சிலிக்காவும் கண்ணாடிக்கு ஏறக்குறையச் சமம். காற்சட்டைப் பையில் மணலோடு கிடக்கும் தொலைபேசி ஒவ்வோர் அசைவிலும் தேய்கிறது.

போன் கடைகளில் விற்கும் ஒட்டுக்கண்ணாடியும் உலோக வளையமும் பழைய பெட்டியின் வேலையையே செய்கின்றன. வளையம் விளிம்பைத் தூக்கி நிறுத்துகிறது. மோதல் முதலில் அதில் விழுகிறது. ஆனால் கண்ணாடிகள் இரண்டானதும் இடையில் தூசியும் ஈரமும் புகும், இரவுப் படத்தில் தெருவிளக்கு இரட்டையாகத் தெரியும். ஆகவே மூடுகண்ணாடியைத் தாண்டி விளிம்பு மேலெழுந்து நிற்கும் உறையே பெரும்பாலோருக்குப் போதும்.

மூடுகண்ணாடி உடைந்துவிட்டால் முழுக் கமராவையும் மாற்ற வேண்டியதில்லை. பழுது பார்ப்பவர் சூடான காற்றால் பசையை இளக்கி, சிதறலை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுப்பார். கடைசித் துகளைக் காற்றூதி எடுத்த பிறகே புதுக் கண்ணாடியை ஒட்டுவார். ஒரு துகள் உள்ளே விழுந்தாலும் அடியிலுள்ள பிளாஸ்டிக் வில்லையில் கீறல் விழும். வெடித்த கண்ணாடியோடு நாட்களைத் தள்ளினால் தூசியும் ஈரமும் வெடிப்பு வழியே இறங்கும். அதன்பின் கமராவையே மாற்ற வேண்டிவரும்.