கியர் மாற்றும் சிரமத்தின் வரலாறு

கையால் கியர் மாற்றும் மகிழுந்தின் அடிப்படை அமைப்பு பிரான்சில் உருவானது. பாரிசின் பனார் எ லெவாசோர் நிறுவனம் 1891-இல் முன்புற இயந்திரம், கிளட்ச், நகரும் பற்சக்கரங்கள் கொண்ட கியர் பெட்டி ஆகியவற்றை வரிசையாக அமைத்தது. அப்போது காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. 1954 நவம்பர் 1 அன்றுதான் அது இந்திய நிர்வாகத்துக்கு மாறியது.

அந்தக் கியர் பெட்டியில் வெவ்வேறு வேகத்தில் சுழலும் பற்கள் நேரடியாக மோதின. வேகம் பொருந்தாவிட்டால் கரகரவென்று சத்தம் எழும், பற்களும் உடையும். எனவே ஓட்டுநர்கள் கிளட்சை இருமுறை மிதித்தனர்: நியூட்ரலுக்கு ஒருமுறை, அடுத்த கியருக்கு ஒருமுறை. கீழ் கியருக்கு இறங்கும்போது இடையில் ஆக்சிலேட்டரையும் அழுத்தினர்.

1928-இல் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம், ஏர்ல் தாம்சன் வடிவமைத்த சின்க்ரோமெஷ் என்னும் ஒத்திசைவு அமைப்பை அறிமுகப்படுத்தியது. இதில் கூம்பு வடிவப் பரப்புகள் உராய்ந்து வேகங்களைச் சமமாக்கிய பின்பே பற்கள் இணைகின்றன.

இந்தியாவில் மோரிஸ் ஆக்ஸ்போர்டை ஒட்டி உருவான அம்பாசடரின் நான்கு கியர்களில் முதல் கியருக்கு இவ்வசதி இல்லை. அதனால் வண்டி நின்ற பிறகே முதல் கியர் சத்தமின்றி விழுந்தது.

பழைய முறை இன்றும் பழுதறிய உதவுகிறது. இருமுறை மிதித்தால் ஒரு கியரின் கரகரப்பு நீங்குமானால், அதன் ஒத்திசைவு வளையம் தேய்ந்திருக்கலாம். இயந்திரத்தை அணைத்தால் மட்டும் எல்லாக் கியர்களும் எளிதில் விழுமானால், கிளட்ச் முழுமையாக விலகவில்லை எனலாம்.